கல் பங்களாவின் கறிக்கொல்லை

கோட்டைப்பட்டினம் கடல் பார்த்த ஊர்; மீனால் வாழும் துறை. அவ்வூர்க் கடைத்தெருவிலே இறாலும் நண்டும் மட்டுமா விலைபோகின்றன? கேரட்டும் முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் கூடைகூடையாக இருக்கக் காண்கிறோம். உப்புக்காற்றில் விளைந்த பண்டமல்ல அவை. மலைக்குளிரிலே விளைந்து, வண்டியேறி, ஊர் ஊராய் இறங்குபவை. நாள்தோறும் நறுக்குகிறோம், குழம்பிலே சேர்க்கிறோம். எந்தக் கொல்லையிலிருந்து இவை நம் அடுக்களைக்கு நடந்து வந்தன என்று எண்ணிப் பார்த்தோமா?

கம்பெனி ஆட்சியில் கோயமுத்தூர்க் கலெக்டராக இருந்தவர் ஜான் சல்லிவன். 1819-இல் நீலமலை ஏறினார். சீமையை நினைவூட்டும் குளிர் அவரைக் கட்டிப்போட்டது. 1822-இல் உதகையிலே கல்லால் மாளிகை எழுப்பத் தொடங்கினார். மலைமக்கள் அதனைக் ‘கல் பங்களா’ என்றனர். மாளிகை எழுந்தால் போதுமா? மேசைக்குக் காய் வேண்டுமே! நம் கத்தரியும் வெண்டையும் அந்தக் குளிரைத் தாங்குமா? உருளைக்கிழங்கும் கோசும் நடப்பட்டன; மலைமண் ஏற்றது, துரையின் தட்டு நிறைந்தது.

நிலம் எவருடையது? தொதவர் எருமை மேய்த்த புல்வெளி அது. ஏக்கர் ஒரு ரூபாய் வீதம் வாங்கப்பட்டதென எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு ரூபாய்! மேய்ச்சலே வாழ்வாகக் கொண்டவனுக்கு அந்த வெள்ளிக்காசு எத்தனை நாளைக்கு? எனினும் நீதி பேசுவோர் முழுதும் பேசவேண்டும். மலைநிலத்தின்மீது தொதவர்க்கு உரிமை உண்டு என்று வாதாடியவரும் இதே சல்லிவன்தான். 1827 முதல் 1832 வரை கவர்னராயிருந்த லஷிங்டனோடு இதன் பொருட்டு மோதினார். அந்த நாவைப் போற்றுவோம். அந்த நாவுக்குரியவர் பெயரிலே மலைநிலம் நிறையக் குவிந்திருந்தது என்பதையும் மறவோம்.

ஒரு வீட்டுக் கொல்லையாகத் தொடங்கியது, பின்னர்க் குடியேறிய வெள்ளையர் அனைவரின் தேவையாயிற்று. 1845-இல், குறைந்த விலையிலே காய் கிடைக்கவேண்டுமென்று, திங்களுக்கு மூன்று ரூபாய் சந்தா வைத்துத் தோட்டம் போட்டனர். சந்தா கட்டியோர்க்குக் காய் இலவசம்! இலவசத்தால் இளைத்தது தோட்டம். 1848-இல் கியூ தோட்டத்திலிருந்து மக்ஐவர் வந்து பொறுப்பேற்றார். இன்று கோடைதோறும் மக்கள் மொய்க்கின்றனரே, அந்தத் தாவரவியல் பூங்காவின் முன்னோன், அன்பர்களே, ரோசாச் செடியல்ல, கோசுக்கிழங்குப் பாத்தி!

கொல்லையைக் கொத்தியவர் யார்? வரலாற்று ஏடுகளிலே துரைமார் பெயர் தடித்த எழுத்தில் நிற்கும். மண்வெட்டி பிடித்தவர் எல்லாரும் ‘கூலிகள்’ என்ற ஒரே சொல்லில் அடங்குவர். சாமையும் கேழ்வரகும் விதைத்துவந்த படகர் உருளைக்கிழங்கைக் கைக்கொண்டு, தம் நிலத்துப் பயிராக்கினர். அவர்தம் உழைப்பன்றோ துரைவீட்டுக் காயை ஊர்க் காயாக்கியது!

இங்கே நம் வைதிகத்தின் விந்தையையும் சொல்லவேண்டும். இவற்றுக்கு ‘இங்கிலீஷ் காய்கறி’ என்று பெயரிட்டுத் திவசத் தளிகையிலிருந்து தள்ளி வைத்தனர். கோசு ஆகாது, உருளை ஆகாது, போர்த்துகீசியர் வழி வந்த மிளகாய்கூட ஆகாது, மிளகே வேண்டும்! மறுநாள்? அதே அடுப்பிலே உருளைக்கிழங்குக் கறி மணக்கும். பிதிரர்க்குத் தீட்டாவது பிள்ளைக்கு விருந்தாவது எவ்வாறு? திவசம் ஆண்டுக்கு ஒரு நாள். பசியோ ஆண்டு முழுவதும். சாத்திரம் அந்த ஒரு நாளைப் பிடித்துக்கொண்டது, வயிறு எஞ்சிய நாட்களையெல்லாம் வென்றுவிட்டது.

கல் பங்களா இடிந்துவிடவில்லை. 1955-இல் தொடங்கப்பெற்ற உதகை அரசுக் கலைக் கல்லூரியின் வளாகத்திலே நிற்கிறது. துரை அமர்ந்து உண்ட வீட்டைச் சுற்றி, மலைமக்களின் பிள்ளைகளும் சமவெளிப் பிள்ளைகளும் புத்தகம் ஏந்தி நடக்கிறார்கள்.