மூளை நாடி இசிவு: ஒரு காரணத் தேடலின் வரலாறு

மூளையைச் சூழ்ந்துள்ள மென்சவ்வுகளுக்கிடையே குருதி கசியும்போது முதற் பேராபத்தைக் கடந்த நோயாளர் சிலர், சில நாட்களின் பின்னர் பேச்சிழந்தோ உடலின் ஒரு பக்கம் செயலிழந்தோ போவதுண்டு. மூளை நாடிகள் சுருங்கி இறுகுவதே இதற்குக் காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அக்கருத்து உருவாகி, வளர்ந்து, தளர்ந்த வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உயிருள்ளவரின் மூளை நாடிகளை எக்ஸ்-கதிர்ப் படத்திற் காணும் முறையை 1927இல் லிஸ்பனில் ஏகாஸ் மோனிஸ் உருவாக்கினார். அம்முறையின் துணைகொண்டே 1951இல் எக்கர், றீமென்ஷினைடர் ஆகிய அமெரிக்க மருத்துவர் இருவர், நாடிப் புடைப்பு வெடித்தபின் அயல் நாடிகள் ஒடுங்கியிருப்பதை எடுத்துக்காட்டினர். கருவி காட்டியதே ஆய்வின் பொருளாயிற்று என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

அடுத்து எழுந்த வினா, நாடியை இறுக்கும் பொருள் யாது என்பதாகும். 1948இல் குருதித் தெளியத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட செரட்டோனின் மீது முதலில் ஐயம் வீழ்ந்தது. குருதி உறையும்போது சிறுதட்டுக்களிலிருந்து அது வெளிப்படுகின்றது. ஆயின், இசிவோ மூன்றாம் நாளளவில் தொடங்கி, ஒரு வாரமளவில் உச்சமடைகின்றது. உடனடியாக வெளிப்படும் பொருளொன்று இத்தாமதத்தை விளக்கப் போதாது.

உறைகட்டியிற் சிக்கிய செங்குருதிக் கலங்கள் சில நாட்களின் பின்னரே சிதைகின்றன. அவற்றிலிருந்து வெளிப்படும் ஒட்சி ஈமோகுளோபின் இக்கால ஒழுங்குக்குப் பொருந்தியது. கசிந்த குருதி தடித்துத் திரண்டிருந்த இடங்களிலேயே கடும் இசிவு தோன்றுவதை 1980இல் மில்லர் ஃபிஷரும் உடனாய்வாளரும் கணினி ஊடுகதிர்ப் படங்களால் நிறுவினர். அதே ஆண்டில், நாடியின் அகவணி தசையைத் தளர்த்தும் பொருளொன்றைச் சுரப்பதை ஃபேர்ச்கொட் கண்டறிந்தார். அது நைத்திரிக் ஒட்சைட்டு எனப் பின்னர் தெளிவாயிற்று. ஈமோகுளோபின் அதனைப் பற்றிச் செயலிழக்கச் செய்கின்றது. தான் ஒட்சியேறும்போது சுப்பரொட்சைட்டையும் தோற்றுவிக்கின்றது. 1988இல் யப்பானில் யனகிசாவா குழுவினர் கண்ட எண்டோதீலின், நாடியை வலிதாக இறுக்கும் பொருளாக இவ்வரிசையிற் சேர்ந்தது.

இவ்விளக்கங்களைச் சோதித்தது மருத்துவமே. கல்சியம் தசைக்கலத்துட் புகுவதைத் தடுக்கும் நிமோடிப்பின், 1989இல் வெளியான பிரித்தானியப் பரிசோதனையில், 554 நோயாளரிடையே மூளைத் திசு இறப்பை 33 வீதத்திலிருந்து 22 வீதமாகக் குறைத்தது. ஆயினும், நாடி ஒடுக்கத்தை இம்மருந்து குறிப்பிடத்தக்க அளவிற் குறைத்ததாகப் படங்கள் காட்டவில்லை. இதற்கு மறுதலையாக, எண்டோதீலினைத் தடுக்கும் கிளாசோசென்ரன் ஒடுக்கத்தைத் தெளிவாகக் குறைத்ததாக 2008இல் அறியப்பட்டது; எனினும் 2011இல் வெளியான பெரும் பரிசோதனையில் நோயாளரின் இறுதி நிலை மேம்படவில்லை. யப்பான் 2022இல் அம்மருந்தை அங்கீகரித்தபோதும் விவாதம் ஓயவில்லை.

ஒன்றில் நாடி விரியாமலே நோயாளர் பயனடைந்தனர். மற்றதில் நாடி விரிந்தும் பயனடைந்திலர். எனவே, நாடி இசிவும் நோயாளரின் கதியும் ஒன்றல்ல என்பது புலனாகின்றது. நுண்குழாய்களில் உண்டாகும் உறைகட்டிகள், அழற்சி, 1944இல் லியாவோ முயல் மூளையிற் கண்ட பரவும் மின்தளர்வு ஆகியனவும் இன்று ஆராயப்படுகின்றன. கட்புலனாவதையே முழுக் காரணமாகக் கொள்ளும் பழக்கம் அறிவியலையும் விட்டுவைப்பதில்லை. அரை நூற்றாண்டுக்கு மேலாக நாடியின் விட்டம் அளக்கப்பட்டது. அளக்கப்பட வேண்டியதோ, எழுந்து நடக்கும் மனிதரின் தொகையாகும்.