கடல் காணா மண்ணும் மார்சேல்ஸ் துறைமுகமும்

சேலம், நாமக்கல் சமவெளிக்குக் காவிரி உண்டு, கடல் இல்லை. எனினும், இம்மண்ணிலிருந்தும் கடல் கடந்து நியாயம் கேட்கச் சென்றோர் உளர்.

திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் சுப்பராயனின் துணைவியார் ராதாபாய் அம்மையார், 1930 நவம்பரில் லண்டனில் கூடிய முதல் வட்டமேஜை மாநாட்டில் பங்குபெற்ற இந்தியப் பெண்மணிகள் இருவருள் ஒருவர். மற்றவர் லாகூரைச் சேர்ந்த பேகம் ஜஹானாரா ஷாநவாஸ்.

அந்நாளில் சீமை செல்வோர் பெரும்பாலும் பம்பாயில் கப்பலேறி, ஏடன், 1869-ல் திறக்கப்பட்ட சூயஸ் கால்வாய், போர்ட் சையத் வழியே சென்று, பிரான்சு நாட்டு மார்சேல்ஸில் இறங்கி ரயிலேறுவர். 1931 ஆகஸ்ட் 29-ல் பம்பாயை விட்ட காந்தியடிகள், செப்டம்பர் 11-ல்தான் அத்துறைமுகத்தை அடைந்தார். நம் முன்னோர் ஹஜ்ஜுக்குச் சென்ற செங்கடலும் இவ்வழியே. அவர்கள் ஜித்தாவில் இறங்கினர், இவர்கள் வடக்கே தொடர்ந்தனர்.

அம்மையாரும் பேகமும் கூட்டாக மனு அளித்து, சட்டமன்றங்களில் பெண்களுக்கு இடம் கோரினர். அம்மாநாட்டுக்கு நோயுற்ற உடலோடு சென்ற மௌலானா முஹம்மது அலி, 1931 ஜனவரி 4-ல் லண்டனிலேயே மறைந்து, பைத்துல் முகத்தஸில் நல்லடக்கம் செய்யப்பட்டார்.

கடல் கடந்தோர் என்றால் நாம் வணிகரையே நினைக்கிறோம். இனி நம் பெண்மக்களுக்கு இவ்விரு பெண்மணிகளின் பெயர்களையும் சேர்த்தே சொல்வோமாக!