கசப்புப் பியரும் கோப்பி மலையும்

பெங்களூரில் வேலை செய்யும் கூட்டாளி ஒருத்தன் என்னை ஒரு ப்ரூபப்புக்குக் கூட்டிக்கொண்டு போனான். பியரை அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றித் தரும் இடம். இந்தியா பேல் ஏல் வாங்கித் தந்தான். கசக்கும் என்று பயந்து குடித்தால், இனிப்பு! சுட்ட பாண் தோலின் வாசம், கொஞ்சம் கித்துள் பாணி மாதிரி ருசி. கசப்பு கடைசியில்தான் எட்டிப் பார்த்தது. மால்ட், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லி, தூக்கலாகப் போட்ட வகையாம்.

"இது நம்ம ஊருக்குன்னே வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சதுடா, கப்பல்ல வர்றப்ப கெட்டுப்போகக் கூடாதுன்னு" என்றான்.

நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். வாசித்துப் பார்த்தால் கதை பாதிதான் சரி. ஹாப்ஸ் நிறையப் போட்ட பியர் இங்கிலாந்தில் முன்பே இருந்தது. கறுப்புப் போர்ட்டரும் அதே கப்பல்களில் நல்லபடியாகவே வந்து சேர்ந்தது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனின் போ பகுதியில் பியர் காய்ச்சிய ஜோர்ஜ் ஹொட்ஜ்சனுக்கு அதிர்ஷ்டம் வேறு: கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பல்கள் நிற்கும் இடம் பக்கத்தில். கப்டன்மாருக்கு நீண்ட கடனும் கொடுத்தார்கள். 1820களில் பர்ட்டன் ஊரின் ஓல்சொப், பாஸ் கம்பனிகள் போட்டிக்கு வந்தன. அந்த ஊர்த் தண்ணீரில் ஜிப்சம் அதிகம், ஹாப்ஸின் கசப்பை அது எடுத்துக்காட்டும். கடலில் மாதக்கணக்கில் கிடந்து, சீனியெல்லாம் புளித்துத் தீர்ந்து, வறண்ட கசப்போடு இறங்கிய பியர் அது. நான் குடித்த இனிப்பு அதற்குத் தூரத்துச் சொந்தம்தான்.

"உங்க ஊர்லயும் இதான் குடிச்சாங்களா?" என்று கேட்டான். பதிலை ஒரு வரியில் சொல்ல முடியவில்லை.

எங்கள் ஊர் கம்பளை. 1824இல் ஜோர்ஜ் பேர்ட் என்ற வெள்ளைக்காரர் கோப்பித் தோட்டம் போட்டது இங்கே சிங்ஹபிட்டியவில்தான். மலைநாட்டின் பெருந்தோட்டக் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் பாதை போட்டார், தானும் கோப்பி நட்டார். துரைமார் பெருகினார்கள், அவர்களுக்குக் கசப்புப் பியர் போத்தலில் வந்தது. கண்டிக்கு ரயில் வந்ததே 1867இல். அதுவரை கொழும்பிலிருந்து மாட்டு வண்டிதான். அதே காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் மன்னாரில் இறங்கி, காட்டுப் பாதையில் மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். காய்ச்சலிலும் வயிற்றோட்டத்திலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். போத்தலுக்குக் கிடைத்த வண்டி ஆளுக்குக் கிடைக்கவில்லை.

1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்தது. தோட்டங்கள் தேயிலைக்கு மாறிக்கொண்டிருந்த 1881இல் நுவரெலியாவில் சிலோன் புரூவரி வந்தது. குளிரும் ஊற்றுத் தண்ணீரும் பியருக்கு வாய்ப்பாக இருந்தன. இன்றைய லயன் பியரின் வேர் அங்கேதான். இப்போது அது பியகமவில் காய்ச்சப்படுகிறது.

லயத்தில் இருந்தவர்களுக்கோ தவறணை. கள்ளும் சாராயமும் விற்கும் உரிமையை அரசாங்கமே ஏலம் விட்டது. எடுத்தவர் போட்ட காசை மீட்கக் கூடுதலாக விற்கத்தான் பார்ப்பார். காலனி அரசின் முக்கிய வருமானங்களில் சாராயக் குத்தகையும் ஒன்று. "தோட்டத்துச் சனம் குடிச்சே கெட்டுச்சு" என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள், இந்த ஏலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. துரை கிளப்பில் குடித்தது மட்டும் 'பாரம்பரியம்' ஆகி, பழைய பங்களா ஹோட்டல் சுவர்களில் சட்டம் போட்ட படமாகத் தொங்குகிறது.

இதையெல்லாம் சொல்லி முடிக்கும்போது என் கிளாஸ் சூடாகிவிட்டது. சூடானதும் இனிப்பு இன்னும் கூடியது. அவன் அடுத்ததற்கு ஓடர் கொடுத்தான். எனக்குக் கசப்பானதைக் கேட்டேன்.