வெளிச்சம் தேடியவர் கண்ட வெண்பனி

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கும்போது நம் இல்லங்களிலும் ஆலயங்களிலும் குடில் எழும்புகிறது. வைக்கோலால் கூரை வேய்கிறோம். இடையர்களையும் ஆடுகளையும் அவரவர் இடத்தில் நிறுத்துகிறோம். இறுதியாக வெண்பஞ்சைப் பிய்த்துக் கூரைமேல் தூவுகிறோம். ஏன் என்று குழந்தை கேட்டால், ‘அது பனி’ என்கிறோம். வெண்பனி விழுவதை வாழ்நாளில் ஒருமுறையேனும் கண்டவர் நம்மில் மிகச் சிலரே. ஆயினும் அந்தப் பஞ்சில்லாத குடில் நமக்கு நிறைவு தருவதில்லை.

இந்தப் பஞ்சுப் பனிக்கு நெருங்கிய உறவுடைய பொருளொன்று உண்டு. உள்ளங்கையில் அடங்கும் கண்ணாடி உருண்டை. உள்ளே தெளிந்த நீர். நீருக்குள் ஒரு சிற்றாலயமோ வீடோ மரமோ நிற்கும். கவிழ்த்து நிமிர்த்தினால் வெண்துகள்கள் மேலெழுந்து மெல்ல மெல்ல இறங்கும். வெளிநாட்டிலிருந்து திரும்பும் உறவினர் குழந்தைகளுக்குக் கொண்டுவந்து தரும் இந்தப் பனிக்கோளத்தை நாம் வெறும் விளையாட்டுப் பொருளாகவே கருதுகிறோம். ஆனால் அதன் வரலாற்றில் ஓர் அறுவை மருத்துவ அறையும், ஓர் அன்னை மரியா திருத்தலமும், ஒரு கைப்பிடி ரவையும் இடம்பெற்றுள்ளன. மனித உள்ளத்தில் புதியதொன்று எவ்வாறு பிறக்கிறது என்று சிந்திப்போர்க்கு அவ்வரலாறு நல்லதொரு பாடம்.

ஆண்டு 1900. ஆஸ்திரியாவின் தலைநகராகிய வியன்னாவில் எர்வின் பெர்சி என்ற கைவினைஞர் அறுவை மருத்துவக் கருவிகள் செய்து பிழைத்து வந்தார். அக்காலத்து மின்விளக்கில் கரிம இழையே எரிந்தது. அதன் ஒளி மங்கலானது, மஞ்சள் படிந்தது. நோயாளியின் உடலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும் மருத்துவருக்கு அவ்வொளி போதவில்லை. அதைப் பெருக்க வழி காணும் முயற்சியில் பெர்சி இறங்கினார். இதன்பின் நடந்தவற்றை அவர் குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர்.

முதலில் அவர் நினைவுக்கு வந்தவர்கள் காலணி தைக்கும் தொழிலாளர். ஐரோப்பிய நகரங்களில் அவர்கள் நீர் நிறைத்த கண்ணாடி உருண்டையொன்றை மெழுகுதிரிக்கு முன்னே வைத்துக்கொள்வர். நீர் நிறைந்த உருண்டை ஒரு குவிவில்லையைப்போல் ஒளியை ஒருமுகப்படுத்தி, ஊசி இறங்கும் இடத்தில் சேர்க்கும். ஏழைத் தொழிலாளர் கண்ட அந்த எளிய உபாயத்தையே பெர்சி மின்விளக்கின்முன் வைத்துப் பார்த்தார். ஒளி குவிந்தது, ஆனால் போதிய அளவு பரவவில்லை. நீரில் மின்னும் துகள்களைக் கலந்தால் அவை ஒளியைச் சிதறடிக்கும் என்று எண்ணிக் கலந்தார். அவை நொடியில் அடியில் படிந்தன. இன்னும் இலேசான பொருளைத் தேடியபோது, குழந்தைகளுக்குக் கஞ்சி காய்ச்சும் ரவை கைக்குக் கிடைத்தது. நாம் உப்புமாவுக்கு வறுக்கும் ரவையின் உறவுதான் அதுவும். அதை அள்ளிப் போட்டார். ரவை நீரை உறிஞ்சிக்கொண்டு, மிதக்கவும் இயலாமல், விரைந்து மூழ்கவும் இயலாமல், ஆடியாடி இறங்கிற்று. ஒளி பெருகியதா? இல்லை. விளக்கைப் பொறுத்தவரை அம்முயற்சி தோல்வியே.

இவ்விடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். வேறொருவராயிருந்தால் அந்த நீரைக் கொட்டிவிட்டு உருண்டையைக் கழுவி வைத்திருப்பார். பெர்சியோ பார்த்துக்கொண்டே நின்றார். இறங்கும் ரவையில் அவர் தம் நாட்டு மார்கழியைக் கண்டார். கூரைகள்மீதும் தெருக்கள்மீதும் ஓசையின்றி விழும் வெண்பனியைக் கண்டார். கருவி செய்யும் மனத்தோடு பார்த்தபோது பிழையாகத் தோன்றியது, குழந்தை மனத்தோடு பார்த்தபோது காட்சியாயிற்று. அகத்தூண்டுதல் என்று நாம் பெரிய சொல்லால் குறிப்பிடுவது பெரும்பாலும் இத்தகைய ஒரு கணமே. அது வேலையற்று அமர்ந்திருப்பவரைத் தேடி வருவதில்லை. கையில் வேலையும் நெஞ்சில் கவலையுமாக நிற்பவரிடம், அவர் கேட்காத ஒன்றை நீட்டுகிறது. அதை ஏற்பதற்கு, கேட்டதைக் கைவிடும் பணிவு வேண்டும்.

பனி கிடைத்துவிட்டது. அது எதன்மீது விழ வேண்டும்? பெர்சியின் நண்பர் ஒருவர் மரியாசெல் திருத்தலத்தில் நினைவுப் பொருள்கள் விற்று வந்தார். அவருக்காகப் பெர்சி அங்குள்ள பேராலயத்தைச் சிற்றுருவாக வெள்ளீயக் கலவையில் வார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆலயத்தையே உருண்டைக்குள் நிறுத்தினார். பனிக்கோளம் பிறந்தது.

மரியாசெல் நம் வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டிய தலம். ஆஸ்திரியாவின் ஸ்டைரியா மாநிலத்து மலைகளுக்கிடையே அது உள்ளது. 1157-ஆம் ஆண்டு புனித லாம்பிரெக்ட் மடத்தைச் சேர்ந்த பெனடிக்ட் சபைத் துறவி மாக்னுஸ், மரத்தில் செதுக்கிய அன்னையின் சிறு சுரூபத்துடன் அப்பகுதிக்குப் பயணமானார் என்பது மரபுச் செய்தி. வழியைப் பெரும்பாறை மறித்தது. அவர் அன்னையை மன்றாட, பாறை பிளந்து வழிவிட்டது. அவர் அங்கே அமைத்துக்கொண்ட சிற்றறையே தலத்தின் பெயருக்குக் காரணம்; மரியாசெல் என்றால் மரியாவின் சிற்றறை. பின்னாளில் கோத்திக் பாணியில் எழுந்த நடுக்கோபுரத்தின் இருமருங்கிலும் 17-ஆம் நூற்றாண்டில் பரோக் பாணிக் கோபுரங்கள் எழுந்தன. ஆகவே, கட்டைவிரல் அளவில் வார்த்தாலும் அவ்வாலயத்தின் முகப்பை எவரும் அடையாளம் கண்டுகொள்வர். 1907-இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் அதனைப் பசிலிக்காவாக உயர்த்தினார். 1983-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும், 850-ஆம் ஆண்டு நிறைவையொட்டி 2007-இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்டும் அங்கே சென்று செபித்தனர்.

ஆஸ்திரியருக்கு மட்டுமன்றி, ஹங்கேரியருக்கும் ஸ்லாவிய மக்களுக்கும் அது தாய்வீடு. ஹங்கேரியில் பொதுவுடைமை அரசால் சிறையிடப்பட்டு, பின்னர் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்த கர்தினால் மிண்ட்சென்டி 1975-இல் வியன்னாவில் இறந்தபோது மரியாசெல்லிலேயே அடக்கம் செய்யப்பட்டார். தாய்நாடு விடுதலை பெற்றபின், 1991-இல், அவருடைய உடல் ஹங்கேரிக்கு எடுத்துச் செல்லப்பட்டது. இத்தகைய தலத்திலிருந்து வீடு திரும்பும் திருப்பயணி, அவ்வாலயத்தின் சிற்றுருவைத் தன் மேசைமேல் வைத்துக்கொள்ள விரும்பியதில் வியப்பென்ன? வேளாங்கண்ணியிலிருந்து திரும்புகையில் நாமும் எண்ணெயும் அன்னையின் படமும் இல்லாமல் வருவதில்லையே. சென்று வந்த இடம் நம்மைவிட்டு நீங்காதிருக்க வேண்டும் என்ற ஏக்கமே இரண்டிலும் உள்ளது.

பெர்சி தம் கோளத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1905-இல் தம் உடன்பிறந்தாருடன் சேர்ந்து வியன்னாவின் ஹெர்னால்ஸ் பகுதியில் பட்டறை தொடங்கினார். 1908-இல் பேரரசர் பிரான்ஸ் யோசேப்பு அவருக்குச் சிறப்புச் செய்தார்.

இனி ஒரு வரலாற்று வினா. பனிக்கோளத்தை முதன்முதல் செய்தவர் பெர்சிதானா? அல்லர் என்பதே நேர்மையான விடை. 1878-இல் பாரிஸ் மாநகரில் நடந்த உலகக் கண்காட்சியைப் பற்றி அமெரிக்கப் பிரதிநிதிகள் தந்த அறிக்கையில், நீர் நிறைந்த கண்ணாடி உருண்டைகள் சில குறிக்கப்பட்டுள்ளன. தாள்கள் பறக்காதிருக்க மேலே வைக்கும் எடைப்பொருள்கள் அவை. அவற்றினுள் குடை பிடித்த மனிதன் ஒருவன் நிற்பான். கவிழ்த்தால் வெண்பொடி பனிபோல் அவன்மீது விழும். 1889-ஆம் ஆண்டுக் கண்காட்சியிலோ புதிதாய் எழுந்த ஐஃபெல் கோபுரம் இத்தகைய உருண்டைக்குள் இடம்பெற்றது. ஆயினும் அவ்வுருண்டைகளைச் செய்த கைகளின் பெயர் மக்கள் நினைவில் நிற்கவில்லை. தொடர்ந்து வாழும் தொழில்மரபாக அது வேரூன்றியது வியன்னாவில்தான். முதல்வர் என்ற பட்டத்தைப் பறிப்பதால் பெர்சியின் பெருமை குறைந்துவிடாது. ஒருவர் ஏறிய மலையுச்சிக்கு மற்றொருவர் வேறு பாதையில் வந்து சேரலாம். ஒருவர் வந்து சேர்ந்த பாதை அவருடையதே.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். மருத்துவருக்கு வேண்டிய வெளிச்சம் என்னவாயிற்று? அதே ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசில், 1904-இல், யூஸ்ட், ஹனமான் என்ற இருவர் டங்ஸ்டன் உலோக இழை விளக்குக்குக் காப்புரிமை பெற்றனர். கரிம இழையைவிட மிக வெண்மையான ஒளி அதிலிருந்து கிடைத்தது. பெர்சி தேடியதை வேறு கைகள் கண்டெடுத்தன. பெர்சி கண்டெடுத்ததையோ எவருமே அவரிடம் கேட்டிருக்கவில்லை. தந்தையின் காணாமற்போன கழுதைகளைத் தேடிப் புறப்பட்ட சவுல், அவற்றைத் தான் கண்டுபிடிக்காமலே சாமுவேலின் கையால் அரசனாகத் திருப்பொழிவு பெற்றதை நாம் மறைநூலில் வாசிக்கிறோம். கழுதைகளும் கிடைத்தன, ஆனால் அவன் வழியாக அன்று. நம் மன்றாட்டுகள் பலவற்றுக்கும் விடை இப்படித்தானே வருகிறது? கேட்டது பிறர் வழியாக நிறைவேறும். கேளாதது நம் கையில் வந்து சேரும். அதனை அடையாளம் கண்டுகொள்கிறோமா என்பதே வினா.

இரண்டு உலகப் போர்களும் பெர்சியின் பட்டறையைத் தாக்கின. இரண்டாம் போருக்குப்பின் பொறுப்பேற்ற மகன், கிறிஸ்துமஸ் மரம், பனிமனிதன், கிறிஸ்துமஸ் தாத்தா ஆகிய உருவங்களைக் கோளத்துக்குள் வைத்தார். அமெரிக்காவில் அவை விரும்பி வாங்கப்பட்டன. அதே காலத்தில் மலிவான பிளாஸ்டிக் கோளங்கள் ஹாங்காங்கிலிருந்து இலட்சக்கணக்கில் வந்து குவியத் தொடங்கின. ஆயினும் ஹெர்னால்ஸ் பட்டறை மூடப்படவில்லை. பேரன் தொடர்ந்தார்; நான்காம் தலைமுறையாக அவர் மகளும் அத்தொழிலில் இறங்கினார். அங்கே இன்றும் கோளம் கண்ணாடியால் ஆனது. உருவங்களுக்கு வண்ணம் தீட்டுவது மனிதக் கை. தானியப் பொருளாகிய ரவை நீரில் நெடுநாள் தாங்காது. அதனிடத்தில் இப்போது மெழுகும் பிளாஸ்டிக்கும் கலந்த துகள்கள் உள்ளன. கலவையின் விகிதம் குடும்ப இரகசியம். அப்பனி ஏறத்தாழ இரண்டு நிமிடம் வரை விழும். மலிவுக் கோளத்தில் சில நொடிகளில் எல்லாம் அடங்கிவிடும். இந்த இரண்டு நிமிட அமைதிக்காகவே ஒரு குடும்பம் நான்கு தலைமுறை உழைத்திருக்கிறது எனலாம்.

ஒரே ஒரு கோளம், அதைப்போல் வேறொன்றில்லை என்று செய்வோரும் உளர். வால்டர் மார்ட்டின், பலோமா முன்யோஸ் என்ற கலைஞர் தம்பதியர் அமெரிக்காவில் இருந்துகொண்டு, பனியில் வழிதவறிய தனிமனிதர்களைக் கோளங்களுக்குள் படைத்தனர். ‘பயணிகள்’ என்ற அவர்களது வரிசை 2008-இல் நூலாகவும் வந்தது. மகிழ்ச்சிக்குரிய பொருளென நாம் எண்ணும் கோளத்தில் அச்சத்தையும் தனிமையையும் அவர்கள் காட்டினர். பழைய வடிவம் அதுவே. உள்ளே வைத்த உள்ளம் அவர்களுடையது.

இத்தகைய கோளத்தை நம் வீட்டிலும் செய்யலாம். மூடி இறுக்கமாகப் பொருந்தும் கண்ணாடிக் குப்பி ஒன்று போதும். நீரில் கரையாத சிற்றுருவத்தை, நீர்புகாத பசையால் மூடியின் உட்புறம் ஒட்டி நன்கு உலரவிட வேண்டும். காய்ச்சி வடித்த நீருடன் சிறிது கிளிசரின் கலந்தால் துகள்கள் மெதுவாக இறங்கும். காற்றுக்குமிழ் தங்காதவாறு விளிம்புவரை நீரூற்றி, மூடியைத் திருகிக் கவிழ்த்து நிறுத்தினால் கோளம் ஆயத்தம். உருண்ட பக்கமும் நீரும் சேர்ந்து உள்ளிருக்கும் உருவத்தைப் பெரிதாக்கிக் காட்டும். காலணி தைப்பவருக்கு ஒளியைக் குவித்த அதே இயல்புதான் இங்கும் வேலை செய்கிறது.

மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைக் கற்பிக்கும் ஆசிரியர் ஒரு வினாவையும் கேட்க வேண்டும்: உள்ளே எதை வைப்பாய்? அதன்மேல் எதைப் பொழியச் செய்வாய்? கடற்கரைப் பங்கின் பிள்ளை தன் ஆலயத்தைச் சுற்றிக் கடல்மணல் எழும்பி அடங்குமாறு செய்யலாம். உப்பளத்து ஊரின் பிள்ளை உப்பைத் தூவிப் பார்த்து, அது கரைந்துபோகக் கண்டு, வேறு வழி தேடலாம். அந்தத் தோல்வியும் நல்லதே. அப்போது ஆசிரியர் ரவையின் கதையைச் சொல்லட்டும்.

குடிலின் கூரையில் நாம் தூவும் பஞ்சை நான் பழிக்கவில்லை. அன்போடு தூவியதை ஆண்டவர் ஏற்பார். ஆனால் பெர்சி தம் கோளத்துள் வைத்தது தம் மக்கள் நடந்து சென்று மண்டியிட்ட ஆலயம். அதன்மேல் பொழிவித்தது தம் வானத்திலிருந்து விழும் பனி. அவருடைய பனியை நாம் கடன் வாங்கியிருக்கிறோம். நம் வானத்திலிருந்து நம் ஆலயங்கள்மேல் விழுவது எது என்று, வரும் டிசம்பரில் குடில் கட்டும் பிள்ளைகளையே கேட்டுப் பார்ப்போம்.