எழுத்துக்கு இட்ட குறி

ரப்பர் மரத்தில் முதன்முதலாகப் பால் வெட்டுவதற்கு முன் என்ன செய்வார்கள் என்பதை நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வெட்டு எங்கே தொடங்க வேண்டும், எவ்வளவு சாய்வாக இறங்க வேண்டும், எங்கே முடிய வேண்டும் என்று பட்டையில் கோடு கீறிக் குறி வைப்பார்கள். அந்தக் குறி பால் அன்று. ஆயினும் குறி தவறினால் மரமும் கெடும், பாலும் குறையும். எழுத்துக்கும் இப்படி ஒரு குறி உண்டு. அதன் வரலாற்றையே இன்று நாம் காணப் போகிறோம்.

பினாங்கிலிருந்தே தொடங்குவோம். 1786-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் இத்தீவில் கொடி நாட்டினர். இருபது ஆண்டு கழித்து, 1806-இல், ஏ. பி. போன் என்பவர் ஜார்ஜ் டவுனில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையை அச்சிட்டு வெளியிட்டார். ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு கெஜட்’ என்று அது பெயர் பெற்றது. பினாங்குக்கு ஆங்கிலேயர் அப்போது வைத்திருந்த பெயர் அதுவே. நம் தமிழ் அச்சோ அதற்கும் மூத்தது. 1578-இலேயே கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சாகிவிட்டது.

அந்நாளைய அச்சுக்கூடங்களில் அச்சுக் கோப்பவர் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்குவார். எதைப் பெரிய எழுத்தில் போடுவது, எங்கே பத்தி பிரிப்பது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? கையெழுத்துப் படியிலேயே குறி போட்டுக் கொடுப்பார்கள். ஆங்கில அச்சில் ஒரு சொல்லின் கீழ் நேர்கோடு இட்டால் சாய்வெழுத்து. நெளிகோடு இட்டால் தடித்த எழுத்து. அந்தக் கோடுகள் அச்சில் வாரா. அவை வாசகருக்கு அல்ல, அச்சுக் கோப்பவருக்கு இடும் கட்டளைகள்.

கணினி வந்தபோது இந்தக் குறிகளும் அதனுள் புகுந்தன. 1964-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஜெரோம் சால்ட்சர் என்பவர் ‘ரன்ஆஃப்’ என்ற நிரலை எழுதினார். அதில் ஒரு வரி புள்ளியோடு தொடங்கினால் அது கட்டளை. கணினி அதை அச்சிடாமல், அது சொல்லும் வேலையைச் செய்யும். அதாவது, அச்சுக் கோப்பவரின் இடத்தில் இயந்திரம் வந்து அமர்ந்தது.

பின்னர் இன்னும் ஆழமான ஓர் எண்ணம் பிறந்தது. ‘இதைப் பெரிதாகப் போடு’ என்று சொல்வதைவிட, ‘இது தலைப்பு’ என்று சொல்லிவிட்டால் என்ன? தலைப்பு எப்படித் தோன்ற வேண்டும் என்பதை வேறோர் இடத்தில் ஒரே முறை சொன்னால் போதுமே! 1969-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரி ஆகிய மூவர் இந்த வழியில் ஒரு குறிமொழியை அமைக்கத் தொடங்கினர்.

1977-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் கனூத் தம் நூலின் புதிய பதிப்புக்கு வந்த அச்சுப் படிகளைக் கண்டு மனம் வருந்தினார். பழைய ஈய எழுத்தின் அழகு அவற்றில் இல்லை. ‘நாமே ஒரு வழி காண்போம்’ என்று இறங்கி, 1978-இல் ‘டெக்’ என்ற நிரலை வெளியிட்டார். அதை விலைக்கு விற்கவில்லை. எல்லாருக்கும் இலவசமாகவே தந்தார். 1980-களில் லெஸ்லி லாம்போர்ட் அதன்மேல் எளிய கட்டளைகளை அமைத்து ‘லாடெக்’ என்று பெயரிட்டார். அப்பெயரை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். நாம் வாளியில் சேர்க்கும் ரப்பர்ப் பாலுக்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்லின் அதே ஐந்து எழுத்துகள்!

இதைக் கற்பது கடினமா? இல்லை. ஒரு பின்சாய்கோடு இட்டு, ‘பிரிவு’ என்ற பொருளுடைய ஆங்கிலச் சொல்லை எழுதி, சுருள் அடைப்புக்குள் தலைப்பை எழுத வேண்டும். அவ்வளவுதான். எண் இடுவதும், இடம் விடுவதும், பொருளடக்கம் தொகுப்பதும் கணினியின் வேலை. அடைப்பை மூட மறந்தால் மட்டும் அது முரண்டு பிடிக்கும்.

தமிழும் பின்தங்கவில்லை. 1985-இல் நம் மலேசியரான முத்து நெடுமாறன் ‘முரசு’ மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். 1991-இல் வெளிவந்த யூனிகோட் எழுத்துத் தரத்தில் தமிழும் இடம் பெற்றது. அதற்கு முன்னும், பின் பல ஆண்டுகளும், ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு முறையை வைத்திருந்தது. ஓர் எழுத்துருவில் தட்டியதை மற்றொன்றில் திறந்தால் வெறும் கிறுக்கலாகத் தெரியும். 2004-இல் வந்த ‘ஸீடெக்’ யூனிகோட் தமிழை நேராக ஏற்றுக்கொண்டது.

சரி, தோட்டத்துக் குடும்பங்களுக்கு இதனால் என்ன? அந்நாளில் ஒரு மனு எழுத வேண்டுமென்றால் கிராணியாரையோ, பட்டணத்தில் மனு எழுதுபவரையோ தேடிப் போய் நிற்போம். பேச வார்த்தை இருந்தது. அதை எந்த அமைப்பில் வைப்பது என்பது தெரியவில்லை. பெறுநர் எங்கே, பொருள் எங்கே, கோரிக்கை எங்கே என்று பிரித்துக் குறிப்பதுதான் அந்த வித்தை. இன்று நாம் பேசும் குறியும் அதுவே.

1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வர்த்தக வட்டாரம் அமைந்தது. அவ்வாண்டிலேயே இன்டெல் நிறுவனமும் பினாங்குக்கு வந்தது. கணினியின் சில்லுகளைப் பொருத்தியவை இந்நாட்டுப் பெண்களின் கைகள். கணினியைச் செய்த கைகளுக்கு அதற்குக் கட்டளையிடவும் உரிமை உண்டல்லவா?

பல தோட்டங்கள் இன்று இல்லை. லயங்கள் இடிந்து வீடமைப்புப் பகுதிகள் எழுந்துவிட்டன. அங்கே வாழ்ந்தவர்களின் பெயர் செக்ரோலில் இருந்தது. அதை எழுதியவர் வேறொருவர். பாட்டி சொன்ன கப்பல் பயணம், தோட்டப் பள்ளியின் ஆண்டு மலர், மாரியம்மன் திருவிழா அழைப்பிதழ் ஆகியவற்றை இனி நாமே எழுதி, நாமே குறியிட்டு வைப்போம். குறியோடு கூடிய எழுத்து வெறும் எழுத்துக் கோப்பாகவே இருப்பதால், எந்தக் கணினியிலும் திறக்கும். ஒரு நிறுவனத்தின் மென்பொருள் மறைந்தாலும் அது மறையாது.

பெரட்டுக் களத்தில் நின்று தலைமுறை தலைமுறையாகக் கட்டளை கேட்டவர்கள் நாம். நம் பிள்ளைகள் கட்டளையிடப் பழகட்டும். முதற் கட்டளை ஒரு தலைப்பாக இருக்கட்டும்; அந்தத் தலைப்பு அவர்களுடைய தோட்டத்தின் பெயராக இருக்கட்டும்.