கேள்விக்குறிக்கு இடமில்லை

சமீபத்தில் என் கதை ஒன்று 'யார் அவள்' என்ற தலைப்புடன் அச்சாகி வந்தது. நான் வைத்த தலைப்பு 'யார் அவள்?' கேள்விக்குறியை விழுங்கியது யார் என்று விசாரித்தேன். பைலின் பெயரைப் பார்த்துத் தலைப்புப் போட்டார்களாம். பைலுக்கு அப்படிப் பெயர் வைத்தவன் நான்தான். கேள்விக்குறியைக் கம்ப்யூட்டர் ஏற்க மறுத்ததால் அதை விட்டுவிட்டேன்.

ஏன் மறுக்கிறது? 1974-ல் காரி கில்டால் என்ற அமெரிக்கர் சிறு கம்ப்யூட்டர்களுக்காக 'சிபி/எம்' என்ற இயக்க முறையை எழுதினார். பைலின் பெயருக்கு எட்டு எழுத்து, வகைக்கு மூன்று எழுத்து, அவ்வளவுதான் இடம். 'இங்கே எந்த எழுத்தானாலும் சரி' என்று சொல்லும் உத்தியோகம் அதில் கேள்விக்குறிக்குக் கிடைத்தது. உத்தியோகத்தில் இருப்பவர் பெயருக்குள்ளும் வந்து உட்கார்ந்தால் குழப்பம் அல்லவா? அந்த வழக்கத்தை 1981-ல் வந்த டாஸ் சுவீகரித்தது. அதன் வாரிசான விண்டோஸ் இன்றும் காப்பாற்றி வருகிறது. (சிபி/எம்மின் பெயரில் உள்ள சாய்கோட்டையும் விண்டோஸ் அனுமதிக்காது. பாவம், தகப்பனார் பெயரை வைக்க வழியில்லை!)

சாய்கோட்டின் கதை இன்னும் விசித்திரமானது. 1969-ல் பெல் ஆராய்ச்சிச் சாலையில் பிறந்த யூனிக்ஸ், பைல்களை அறை அறையாகப் பிரித்து, அறைகளுக்கு நடுவே சாய்கோட்டைச் சுவராக வைத்தது. டாஸின் முதல் பதிப்பில் அறைகளே கிடையாது. 1983-ல் இரண்டாம் பதிப்பில் அறைகள் கட்டியபோது சுவருக்குச் சாய்கோடு அகப்படவில்லை. கட்டளைகளோடு சேர்க்கும் குறிப்புகளுக்கு அதை முன்பே அமர்த்தியிருந்தார்கள். ஆகவே இடப்பக்கம் சாய்ந்த கோட்டைச் சுவராக்கினார்கள். அந்தக் கோடு வேறு காரியத்துக்காக வந்தது. அல்கால் மொழியின் கூடாரம் போன்ற தர்க்கக் குறியை இரண்டு கோடுகளால் எழுதலாமே என்று 1961-ல் பாப் பெமர் அதைச் சிபாரிசு செய்தார். ஜப்பானியர் அந்த இடத்தில் தங்கள் யென் குறியை வைத்துக்கொண்டார்கள். அதனால் அங்கே அறைக்கு அறை யென் காசு!

மக்கின்டாஷ் முதலில் முக்காற்புள்ளியைச் சுவராக்கியது. யூனிக்ஸ்தான் தாராளப் பிரபு. சாய்கோட்டையும், பெயர் முடிந்ததென்று காட்டும் பூஜ்யக் குறியையும் தவிர அது எதையும் தடுக்காது.

தமிழுக்கும் ஒரு வில்லங்கம் உண்டு. 'பொன்னி'யின் முதல் எழுத்திலுள்ள ஒற்றைக் கொம்பையும் துணைக்காலையும் யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். 1998-ல் ஆப்பிள் கொண்டுவந்த பைல் அமைப்பு எல்லாவற்றையும் பிரித்தே வைத்தது. லினக்ஸோ பொதுவாக வந்ததை வந்தபடி வைக்கும். அதனால் ஒரே அறையில் இரண்டு 'பொன்னி'கள் இருக்க முடியும். நம் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஒருத்தியைத் தேடினால் மற்றவள் வரமாட்டாள்.

இப்போதெல்லாம் பைலுக்கு வெறும் நம்பர்தான் போடுகிறேன். தலைப்பை, கேள்விக்குறியோடு, கதையின் முதல் வரியில் எழுதி அனுப்புகிறேன்.