தொண்ணூற்றைந்து கலம்: பொன்முடி அடிவாரத்திலிருந்து பார்த்திவசேகரபுரம் வரை

திருவனந்தபுரம் தம்பானூரிலிருந்து நெடுமங்காடு வழியாக விதுரை செல்லும் பேருந்தில், கல்வியாண்டு தொடங்கும் மழைக்கால வாரங்களில், பெட்டியும் வாளியும் சுருட்டிய மெத்தையுமாக இளைஞர்கள் ஏறுகிறார்கள். இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட பொன்முடி மலைப்பாதை தொடங்குவதற்கு முன்பே அவர்கள் இறங்கிவிடுவர். இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகம் அங்கே, மருதமலையில், பொன்முடியின் அடிவாரத்தில் இருக்கிறது. ஐந்தாண்டுப் படிப்புக்காக வருவோரின் முன்தயாரிப்பில் பாடநூல்களைவிடக் குடை, கயிறு, பூட்டு, துணி காயவைக்கும் வழி ஆகியவை முதலிடம் பெறுகின்றன. இரண்டு பருவமழையும் பெய்யும் மலையடிவாரம் அது. துவைத்த சட்டை மூன்று நாள் ஈரமாகவே தொங்கும். அலமாரியில் வைத்த தோல் செருப்பில் பூஞ்சை படரும். காட்டுப் பாதையில் நடந்தால் காலில் அட்டை ஏறும்.

2008இல் இந்நிறுவனம் தொடங்கியபோது அதற்கென ஓர் இடம் இல்லை. நகரின் விளிம்பில் ஸ்ரீகாரியத்தில் உள்ள அரசுப் பொறியியல் கல்லூரி வளாகத்தில்தான் வகுப்புகள் நடந்தன. அதற்கு ஓராண்டு முன்னர் தொடங்கிய இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமும் வேறோர் இடத்தில் ஒண்டியிருந்து, 2010இல்தான் நெடுமங்காட்டை அடுத்த வலியமலைக்குக் குடிபெயர்ந்தது. ஆசிரியரும் மாணவரும் கிடைத்துவிடுகின்றனர். அவர்கள் தங்குமிடம்தான் எப்போதும் தாமதமாக வருகிறது. புதிய கல்வி நிறுவனங்களின் வரலாற்றை எழுதுவோர் சட்டங்களையும் துணைவேந்தர்களையும் எழுதுகிறார்கள். படுக்கையும் சோறும் பற்றிய வரலாறு பெரும்பாலும் எழுதப்படாமல் போகிறது. அப்படி எழுதப்பட்ட மிகப் பழைய ஆவணங்களுள் ஒன்று இதே நகரத்தின் அரசு அலுவலகம் ஒன்றில் செப்பேடாகக் கிடந்தது என்பதை இங்கே நினைவுகூர வேண்டும்.

திருவிதாங்கூர் அரசின் ஹஜூர் அலுவலகத்தில் இருந்த அந்தச் செப்பேட்டை து. அ. கோபிநாத ராவ் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையில் பதிப்பித்தார். மொழி தமிழ், எழுத்து வட்டெழுத்து, வடசொற்களுக்குக் கிரந்தம். வெளியிட்டவன் ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன். கலியுகத்தின் 14,49,087ஆம் நாள் என்று ஏடு தன் காலத்தைச் சொல்கிறது. கணக்கிட்டால் அது கி.பி. 866ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் விழுகிறது. முன்சிறைச் சபையாருக்கு வேறு நிலம் கொடுத்து, அவர்களுக்குரிய உழக்குடிவிளை என்னும் நிலத்தை மாற்றாகப் பெற்று, அங்கே திருமால் கோயில் எடுத்து, பார்த்திவசேகரபுரம் எனப் பெயரிட்டு, அதனோடு ஒரு சாலையையும் மன்னன் அமைத்தான். இன்று பார்த்திபபுரம் என வழங்கும் அவ்வூர் 1956 மாநிலப் பிரிவினைக்குப் பின் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது.

சாலை என்றதும் இன்றைய வாசகருக்குப் பேருந்து செல்லும் பாதையே தோன்றும். பாடசாலை, தொழிற்சாலை, சிறைச்சாலை ஆகிய கூட்டுச்சொற்களில் மட்டும் பழைய பொருளான ‘கூடம்’ எஞ்சியிருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டுத் தென்திருவிதாங்கூரில் இச்சொல் உண்டுறைந்து கற்கும் இடத்தைக் குறித்தது. அங்கே தங்கியவர் சட்டர். ‘சாத்ர’ என்னும் வடசொல்லின் வழிவந்த வடிவம் இது. பார்த்திவசேகரபுரத்தில் 95 சட்டருக்கு இடம் ஒதுக்கப்பட்டது. பவிழிய சரணத்தாருக்கு, அதாவது இருக்குவேதப் பிரிவினருக்கு 45, தைத்திரியத்தாருக்கு 36, சாமவேதத் தலவகாரத்தாருக்கு 14. நடைமுறைகள் யாவும் காந்தளூர்ச் சாலையின் மரியாதைப்படி அமைய வேண்டும் என்று ஏடு கூறுகிறது. ஆகவே 866க்கு முன்னரே காந்தளூரில் ஒரு முன்மாதிரி இருந்திருக்கிறது. பிறர் பின்பற்றத் தக்கதாக அதன் விதிகளும் நிலைபெற்றிருந்தன. அந்தக் காந்தளூர் இன்றைய திருவனந்தபுரத்தின் வலியசாலைப் பகுதி என்பது பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. அங்குள்ள சிவன் கோயில் காந்தளூர்ப் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது.

இந்த இடங்களை எண்ணுவதற்கு ஏடு பயன்படுத்தும் அலகுச்சொல் ‘கலம்’. இன்ன சரணத்தாருடைய கலம் இத்தனை என்பதே அதன் நடை. கலம் என்பது உண்கலம். ஒருவர் உண்ணும் தட்டு. இன்று ‘சீட்’ என்று இருக்கையைச் சொல்லிச் சேர்க்கையை எண்ணுகிறோம்; அன்று தட்டைச் சொல்லி எண்ணினார்கள். எளிய ஆகுபெயர்தான். ஆயினும் சோழர் வரலாற்றின் பெரிய சர்ச்சை ஒன்று இதில் சிக்கிக்கொண்டிருக்கிறது. முதலாம் இராசராசனின் கல்வெட்டுகள் அவனைக் காந்தளூர்ச் சாலையில் ‘கலமறுத்தருளிய’ மன்னன் என்று பாராட்டுகின்றன. கலம் என்பதைக் கப்பலாகக் கொண்டோர் சேரரின் கடற்படை அழிக்கப்பட்டது என்றனர். காந்தளூரைக் கடலோடு சேர்த்துச் சொல்லும் பிற்காலச் சோழக் கல்வெட்டுகள் அவர்களுக்குத் துணை நின்றன. கலத்தை உண்கலமாகவும் பங்காகவும் கொண்டோர், சாலையின் உணவுரிமை அல்லது அமைப்பு மாற்றப்பட்டது என்றனர். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இப்பொருளில் தனியாகவே ஆய்ந்து எழுதினார். எம். ஜி. எஸ். நாராயணன் பார்த்திவசேகரபுர ஏட்டின் துணைகொண்டு சாலையைப் பிராமண மாணவர் நிறுவனமாக நிறுவினார்.

மொழியியல் நோக்கில் இரண்டாம் தரப்பே வலுவுடையது. ஒரு சொல்லின் பொருளை முடிவு செய்ய, அதே வட்டாரத்தில், அதே நிறுவனத்தைப் பற்றி, அதே சொல் வழங்கிய ஆவணத்தைவிட நெருங்கிய சான்று வேண்டியதில்லை. ‘சாலை’, ‘கலம்’ இரண்டும் ஒருங்கே வரும் ஆவணத்தில் கலம் என்பது மாணவர் இடமாகவே இருக்கிறது. ‘அறுத்தல்’ அழித்தலா, வரையறுத்தலா என்பது அடுத்த கேள்வி. அதற்கு இந்தச் செப்பேடு விடை தராது. படையெடுப்பே நிகழவில்லை என்று இதனால் ஆகிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த விவாதத்தில் இரு பக்கத்தாரும் சில வேளை சான்றுக்கு மேலே பேசியிருக்கிறார்கள்.

ஏட்டின் சேர்க்கைத் தகுதிக்கு வருவோம். வியாகரணம், மீமாம்சை, பௌரோகித்யம் ஆகியவற்றில் பயிற்சி வேண்டும். ‘த்ரைராஜ்ய வ்யவஹாரம்’ என்ற ஒன்றும் பேசப்படுகிறது. மூவேந்தர் நாடுகளின் அரசியல் நடைமுறை என்று பெரும்பாலோர் இதற்குப் பொருள் கொள்வர். அதற்குப் பின் வருவன விடுதி விதிகள். சட்டர் ஒருவருக்கொருவர் தீங்கு செய்தால் தண்டம். சபை கூடும்போது ஆயுதத்தோடு வரலாகாது. மடத்தில் வெள்ளாட்டிகளை, அதாவது பணிப்பெண்களை, வைத்துக்கொள்ளலாகாது. தடை எழுதப்படுகிறதென்றால் அச்செயல் நடந்துகொண்டிருந்தது என்று பொருள் கொள்வது வரலாற்று மாணவருக்குப் பழகிய முறை. 866இல் வேதம் ஓத வந்தவர் கையில் ஆயுதம் இருந்தது. அறையில் வேலைக்காரி இருந்தாள். மாணவரிடையே அடிதடி இருந்தது. அந்த வெள்ளாட்டியின் பக்கத்திலிருந்து பார்த்தால் அவ்விதி அவளைக் காத்ததா, வேலையிலிருந்து நீக்கியதா என்பதை ஏடு சொல்லவில்லை. அவள் அங்கே விதியின் பொருளாக மட்டுமே வருகிறாள்.

அடிதடி ஆயிரத்து நூறாண்டு கழித்தும் ஓயவில்லை. 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக விடுதியில் முதலாமாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொல்லப்பட்ட பின்னரே தமிழ்நாடு 1997இல் பகடிவதைத் தடைச் சட்டத்தை இயற்றியது. கேரளம் 1998இல் இயற்றியது. பல்கலைக்கழக மானியக் குழுவின் விரிவான ஒழுங்குமுறை 2009இல் வந்தது. இன்று விதுரைக்கு வரும் மாணவரும் பெற்றோரும் சேர்க்கையின்போது கையெழுத்திடும் உறுதிமொழிப் படிவம் அந்த ஒழுங்குமுறையின் விளைவு.

சோழநாட்டு ஆவணங்கள் தண்டத்தைவிடப் படியளப்பில் அக்கறை காட்டுகின்றன. விழுப்புரத்தை அடுத்த எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திரன் காலக் கல்வெட்டு 340 மாணவரைக் குறிப்பிடுகிறது. இளநிலையினர் 270 பேருக்கு நாள்தோறும் ஆறு நாழி நெல். முதுநிலையினர் 70 பேருக்கு ஒரு குறுணி இரண்டு நாழி, அதாவது பத்து நாழி. ஆராய்ச்சி மாணவருக்கு உதவித்தொகை கூடுதல் என்னும் வழக்கம் புதிதன்று. இளநிலையில் ரூபாவதாரம் கற்றவர் 40 பேர், முதுநிலையில் வியாகரணம் கற்றவர் 25 பேர். ஆக இலக்கண மாணவர் மட்டும் 65. தமிழ் இலக்கணத்துக்கு ஓர் இடமும் இல்லை. கல்வெட்டு தமிழில் இருக்கிறது, கணக்கு தமிழில் இருக்கிறது, பாடத்திட்டத்தில் தமிழ் இல்லை. பாலாற்றங்கரையின் திருமுக்கூடலில் வீரராசேந்திரன் காலக் கல்வெட்டு இன்னும் நுணுக்கமானது. மாணவர் படுக்கப் பாய், இரவில் விளக்கு, சனிக்கிழமை தலைமுழுக எண்ணெய் என்று அது செலவை வகுக்கிறது. கூடவே ஒரு மருத்துவமனையும் உண்டு. பாயும் விளக்கும் எண்ணெயும் இன்றைய புதுமாணவரின் சாமான் பட்டியலில் மெத்தையும் மேசைவிளக்கும் ஷாம்புவும் ஆகியிருக்கின்றன. அன்று நிறுவனம் கொடுத்ததை இன்று மாணவர் சுமந்து வருகிறார் என்பதே மாற்றம்.

ஐரோப்பாவில் ‘காலேஜ்’ என்பதும் முதலில் தங்குமிடமே. பாரிசில் இராபர்ட் த சோர்போன் 1257இல் நிறுவியது ஏழை இறையியல் மாணவர் தங்குவதற்கான அறக்கட்டளை இல்லம். ‘நாமே முந்தினோம்’ என்று இதைக் கொண்டாடுவதில் பயனில்லை. நாலந்தா இரண்டுக்கும் முந்தியது. ஒப்பீடு வேறொன்றைக் காட்டுகிறது. சோர்போனின் இல்லம் ஏழ்மையைத் தகுதியாக வைத்தது. பார்த்திவசேகரபுரம் சரணத்தைத் தகுதியாக வைத்தது. 95 கலமும் பிறப்பால் பூட்டப்பட்டவை. மாணவரைச் சுமந்த நிலத்தை உழுதவரின் பிள்ளைக்கு அங்கே ஒரு கலமும் இல்லை.

அந்தப் பூட்டு திறக்க நெடுங்காலம் ஆயிற்று. திருவனந்தபுரத்தை ஒட்டிய ஊரூட்டம்பலத்தில், 1910களில், புலையர் சிறுமி ஒருத்தியைப் பள்ளியில் சேர்க்க அய்யன்காளி அழைத்துச் சென்றதற்காகப் பள்ளிக் கட்டடமே எரிக்கப்பட்டது. வகுப்பறைக்கே இந்த நிலை என்றால் ஒரே கூரையின் கீழ் உண்டு உறங்குவது எவ்வளவு தொலைவில் இருந்திருக்கும்! கோலாப்பூரில் சாகு மகாராசர் 1901 முதல் வெவ்வேறு சமூகத்தாருக்கு விடுதிகளைத் திறந்தார். சென்னைத் திருவல்லிக்கேணியில் மருத்துவர் சி. நடேசனார் 1910களில் பிராமணரல்லாத மாணவருக்காகத் திராவிடர் இல்லம் நடத்தினார். கல்லூரியில் இடம் கிடைத்தும் நகரத்தில் உண்ணவும் உறங்கவும் இடம் கிடைக்காத மாணவர்கள் படிப்பை விட்டுத் திரும்பியதே அதற்குக் காரணம். நீதிக்கட்சியின் வரலாற்றை அறிக்கைகளிலிருந்து தொடங்குவோர் இந்த அடுக்களையிலிருந்தும் தொடங்கலாம்.

பெண்களின் கணக்கு தனி. விதுரைக்கு வருமுன் அறிவியல் நிறுவனம் இயங்கிய அதே பொறியியல் கல்லூரியில், 2015இல் மாணவியர் விடுதியின் மாலை நேரக் கட்டுப்பாட்டை எதிர்த்து இயக்கம் எழுந்தது. ஆண்கள் நூலகத்திலும் ஆய்வகத்திலும் இரவு வரை இருக்க, பெண்கள் மாலை 6.30 மணிக்குள் திரும்ப வேண்டியிருந்தது. அந்நேரம் பின்னர் இரவு 9.30 ஆக நீண்டது. 2019 செப்டம்பரில் கோழிக்கோடு மாவட்டக் கல்லூரி மாணவி ஒருவர் தொடுத்த வழக்கில், விடுதியில் குறித்த நேரங்களில் கைபேசியைத் தடுத்ததும் அதை ஏற்காதவரை வெளியேற்றியதும் தவறு என்று கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இணைய அணுகல் கல்வியுரிமையிலும் தனியுரிமையிலும் அடங்கும் என்றும் கூறியது. 2022இல், கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி மாணவியரின் எதிர்ப்புக்குப் பின், இருபாலருக்கும் ஒரே நேரம் என்று அரசாணை வந்தது. இவை யாவும் விடுதி விதியின் வரலாற்றுக்குள் வருபவை. சட்டரின் ஆயுதத்தைப் பற்றிய விதி எவ்வளவு வரலாறோ அவ்வளவு வரலாறு இவையும்.

விடுதி என்னும் சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. ‘விடு’ என்னும் வினையே இதன் அடி. வீடு, விடுப்பு, விடுதலை ஆகியவையும் அதே அடியிலிருந்து கிளைத்தவை. மலையாளத்தில் இன்று ஹாஸ்டல் என்பதே வழக்கு. தமிழ்ப் பேச்சிலும் அப்படியே. பொன்முடி என்ற பெயரோ இரு மொழியினருக்கும் மொழிபெயர்ப்பு வேண்டாமல் விளங்குகிறது. அம்மலைத்தொடரிலேயே அகத்தியர்கூடமும் இருக்கிறது. அகத்தியருக்கு மாணவர் பன்னிருவர் என்பது மரபு. அவர்கள் எங்கே தங்கினார்கள் என்பதை எந்த உரையாசிரியரும் சொன்னதில்லை.

பார்த்திபபுரத்தில் கோயில் நிற்கிறது. சாலை இருந்த கட்டடம் இல்லை. வலியசாலையில் நீண்ட அக்கிரகாரத் தெரு இருக்கிறது, சட்டர் இல்லை. நகரத்தில் ‘சாலை’ என்று பேருந்து நடத்துநர் கூவினால் இறங்குவோர் கடைத்தெருவுக்குச் செல்கிறார்கள். விடுதிக்குப் பாய் வாங்க வந்த புதுமாணவரும் அவர்களுள் இருப்பர்.